“ஊருக்குப் போகவும் அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டுமா?”

வட இலண்டனிலிருந்து வாசகி ஒருவர் எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் சிலவற்றை மாற்றியும் அவர் கேட்டதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகி 11 ஆண்டுகள். அடி எப்போதாவதுதான் விழுந்தது. கணக்குக் கேட்பது நாள்தோறும் நடந்தது. வங்கி அட்டை கணவரின் சட்டைப்பையில் இருக்கும். பால் வாங்கப் போனாலும் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள தாயோடு பேசும்போது தொலைபேசியை ஒலிபெருக்கியில்தான் வைக்க வேண்டும். 14 மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, இப்போது 8 வயதாகும் மகளின் பள்ளிப் பைக்குள் இரண்டு உடுப்புகளையும் பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வெளியேறினார். பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் சில மாதங்கள், பிறகு கவுன்சில் கொடுத்த ஒற்றைப் படுக்கையறை வீடு. வேலையிடத்தைக் கண்டுபிடித்துக் கணவர் வாசலில் வந்து நின்ற பிறகு, நெருங்கவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்று குடும்ப நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுக் கட்டளை விதித்தது. அது ஜூன் மாதக் கடைசியில் முடிகிறது. மகளைக் கணவர் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, சனிக்கிழமைகளில், மேற்பார்வையுள்ள சந்திப்பு நிலையம் ஒன்றில் பார்க்கிறார். இது சமூகசேவையாளர் பேசிச் செய்த ஏற்பாடு. நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஆகஸ்டில் வாசகியின் தாய்க்கு 75 வயது நிறைகிறது. நல்லூர்க் கோயில் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை 25 நாட்கள் ஊரில் நின்றுவிட்டு, வரும் வழியில் சென்னையில் இரண்டு நாட்கள் தங்கித் திரும்ப நினைக்கிறார். கனடாவிலுள்ள அண்ணன் விமானச்சீட்டுக்கு முற்பணம் கட்டிவிட்டார். “மொத்தம் 27 நாட்கள். 28 நாட்களுக்குள் போய் வந்தால் தகப்பனுடைய சம்மதம் தேவையில்லை என்று கோயிலில் ஓர் அக்கா சொன்னார். மகளின் கடவுச்சீட்டையும் என் கையெழுத்தில்தான் புதுப்பித்தேன். நீதிமன்றமே அவரை விலக்கி வைத்திருக்கிறது. அப்படியிருக்க அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்டால் நாளும் இடமும் அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய தமக்கை வீடு நல்லூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனாலோ பிள்ளையையே பறித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதுகிறார். மகளிடம் இந்தப் பயணத்தை எப்போது சொல்வது என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். “பத்து வருடம் கடைக்குப் போக அனுமதி கேட்டேன், இப்போது என் தாயைப் பார்க்கவும் அவரிடம்தான் கேட்க வேண்டுமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் சொல்வது வேறு: மகளை அழைத்துப்போக அனுமதி வேண்டும், அதை அவரிடம்தான் பெற வேண்டும் என்றில்லை, நீதிமன்றத்திடமும் பெறலாம். அப்படிப் பெறும் அனுமதி அவருக்குப் பணிந்துபோவதாகாது. நாளை அவர் உங்கள் மீது பழி சொல்ல வந்தால் உங்கள் கையில் இருக்கும் கடதாசி அது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டப்படி, உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடிவெடுக்கும் முன் ஆவணங்களோடு ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

28 நாள் கணக்கில் விடுபட்டது

கோயிலில் சொன்ன அக்கா பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை தன்னோடு வாழ வேண்டும் என்ற நீதிமன்றக் கட்டளையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர், ஒரு மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு மற்றவரின் சம்மதமில்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகலாம் என்பது 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் தரும் சலுகை. பேச்சுவழக்கில் அதுதான் ‘28 நாள்’ ஆகிவிட்டது. மகள் உங்களோடு வாழ்கிறாள் என்பது உண்மை. ஆனால் அப்படி வாழ வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை எழுதித் தரவில்லை. ஆகவே அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. 27 நாள் என்ன, வார இறுதிக்குப் பாரிஸுக்குப் போய் வந்தாலும் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். அது இல்லாமல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது, பெற்ற தாயே செய்தாலும், 1984ஆம் ஆண்டின் சிறுவர் கடத்தல் சட்டப்படி குற்றம். அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமிருக்கிறது. மற்றவர் நியாயமில்லாமல் மறுத்தார் என்று வாதாட அதே சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது குற்றவாளிக் கூண்டில் நின்று சொல்ல வேண்டிய பதில். விமான நிலையத்தில் எடுத்துக் காட்டக்கூடியது அல்ல.

கடவுச்சீட்டு விடயத்திலும் இப்படி ஒரு மயக்கம் இருக்கிறது. பிள்ளையின் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு, பெற்றோர் பொறுப்பு (பிள்ளை விடயத்தில் முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உள்ள ஒருவர் விண்ணப்பித்தால் போதும் என்பதால் உங்கள் கையெழுத்தோடு அது வந்துவிட்டது. கடவுச்சீட்டு, அவள் யார் என்பதற்கும் எந்த நாட்டுப் பிரஜை என்பதற்கும் சான்று. யாருடைய சம்மதத்தோடு புறப்படுகிறாள் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது தவறான எண்ணம்தான் பலரை மாட்டிவைக்கிறது. உங்களிடம் உள்ள பாதுகாப்புக் கட்டளை, இங்கே எல்லோரும் ‘நொன்-மொலெஸ்டேஷன் ஓர்டர்’ என்று சொல்வது, அவர் உங்களை நெருங்குவதைத் தடுக்கிறது. மீறினால் அவரைக் கைது செய்யலாம். ஆனால் தகப்பன் என்ற முறையில் அவருக்குள்ள பெற்றோர் பொறுப்பை அது தொடவில்லை. நீங்கள் சட்டப்படி மணந்தவர்கள் என்பதால் அந்தப் பொறுப்பு மகள் பிறந்த நாளிலிருந்தே அவருக்கு இருக்கிறது. மணமாகாத தகப்பனுக்கும், 2003 டிசம்பர் 1ஆம் திகதி முதல் இங்கே பதிவான பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால், அந்தப் பொறுப்பு உண்டு. உங்களை அடித்தவர் என்பதற்காக அது தானாக விலகிவிடுவதில்லை. கசப்பான செய்தி என்று தெரியும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அறிவதைவிட இப்போதே அறிவது மேல்.

சொல்லாமல் போனால் என்ன நடக்கும்?

சந்திப்பு நிலையத்தில் ஒரு சனிக்கிழமை மகள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே அவர் பொலிஸுக்குத் தொலைபேசி எடுப்பார். பயணம் இன்னும் ஓரிரு நாளில் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்திருந்தால், விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பும்படி கேட்பார். நீங்கள் மகளோடும் பெட்டிகளோடும் ஹீத்ரோவில் நிறுத்தப்படுவீர்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், பிள்ளைக் கடத்தல் பற்றிய, இலங்கை 2001இல் இணைந்துகொண்ட ஹேக் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி அவர் விண்ணப்பிக்கலாம். நீங்கள் திரும்பி வரத்தானே போகிறீர்கள், அதனால் அந்த விண்ணப்பத்துக்கு வேலையே இல்லாமல் போகலாம். எனக்குக் கவலை அதற்குப் பிந்தியது. இதுவரை குடும்ப நீதிமன்றக் கோவையில் நீங்கள் கொடுமைக்கு ஆளானவர், அவர் கட்டுப்படுத்தியவர். ஒரே ஒரு பயணத்தோடு, ‘பிள்ளையைச் சொல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோன தாய்’ என்று எழுதும் வாய்ப்பை அவருடைய சட்டத்தரணிக்கு நீங்களே கொடுத்துவிடுவீர்கள். அடுத்த கோடையில் முறைப்படி கேட்டாலும் நீதிபதி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்.

கேட்பது எப்படி?

முதல் வழி, சட்டத்தரணி மூலம் அவருக்குக் கடிதம் அனுப்புவது. நீங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கூட அனுப்ப வேண்டாம். தொடர்புகொள்ளக் கூடாது என்ற கட்டளை அவர் மீது இருக்கும்போது, நீங்கள் அனுப்பும் செய்தி ‘அவளே பேசினாளே’ என்று அந்தக் கட்டளையைத் தளர்த்தத்தான் உதவும். எந்த நாடு, எந்தத் திகதிகள், போகும் வரும் விமானங்கள், தவறப்போகும் சனிக்கிழமைகளுக்கு ஈடாக எந்த நாட்கள் ஆகியவை கடிதத்தில் இருக்கட்டும். வீட்டு இலக்கமும் ஒழுங்கையின் பெயரும் வேண்டாம். பதில் சொல்ல 14 நாள் கொடுத்தால் போதும். மௌனம் சம்மதமாகாது, பதில் வரவில்லை என்றால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கட்டளையை நீடிக்கக் கேட்கமாட்டேன் என்று எழுதித் தந்தால் கையெழுத்து வைக்கிறேன்’ என்று பேரம் பேசினால் ஆத்திரப்படாமல் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நீதிபதி பார்க்க வேண்டிய கட்டுப்படுத்தும் குணத்தை அவரே தன் கைப்பட எழுதித் தந்தது அது.

கடிதம் அனுப்புவதே ஆபத்து என்று உங்களுக்கு உதவும் குடும்ப வன்முறை ஆலோசகர் கருதினால் இந்தப் படியைத் தாண்டி நேரே நீதிமன்றத்துக்குப் போகலாம். சி100 என்ற படிவத்தில் விண்ணப்பம். நடந்த கொடுமைகளைச் சொல்ல அதனோடு சி1ஏ. உங்கள் முகவரியை அவருக்குக் காட்டாமல் வைக்க சி8. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். மற்ற ஆவணங்களிலும் முகவரி தப்பித்தவறி வந்துவிடாமல் பாருங்கள். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை இணைக்கும்போது அதன் மூலையில் அச்சாகியிருக்கும் வீட்டு முகவரியை அடிக்க மறந்து, இரண்டு வருடம் காத்த இரகசியத்தை ஒரே நாளில் தொலைத்த ஒருவரை எனக்குத் தெரியும். விண்ணப்பிக்கும் முன் சமரசக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்ற பொது விதியிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டு. பாதுகாப்புக் கட்டளையே அதற்குச் சான்று. வருமானமும் சேமிப்பும் வரம்புக்குள் இருந்தால் சட்ட உதவி நிதி பெறவும் அதே கட்டளை உதவும்.

நீதிமன்றத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறீர்கள். 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. தனிக் காத்திருப்பு அறை, இடையில் திரை, காணொளி வழி ஆஜராவது ஆகியவற்றைக் கேட்கலாம். உங்களைப் போல் பாதுகாப்புக் கட்டளை பெற்றிருக்கும் ஒருவரை, கட்டளைக்கு ஆளானவர் தானே எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ய முடியாது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அன்று காலை வாசலில் நின்று கேட்டால் திரை கிடைக்காமல் போகலாம்.

பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு அனுமதி கேட்ட குற்றத்துக்காக எந்த நீதிபதியும் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. ஆனாலும் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது: நீங்கள் ஒரு கதவைத் தட்டினால், அதே கதவால் அவரும் உள்ளே வந்து, சந்திப்பு நிலையம் போதாது, வார இறுதிகளில் மகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். அப்போது குடும்ப வழக்குகளில் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் காஃப்காஸ் என்ற அமைப்பு பொலிஸிடமும் கவுன்சிலிடமும் பதிவுகளைப் பெற்று, இருவருடனும் தொலைபேசியில் பேசி, நீதிமன்றத்துக்கு எழுதும். உங்கள் கோவையில் பொலிஸ் பதிவும் மருத்துவர் குறிப்பும் இருப்பதால் இதைக் கண்டு நீங்கள் ஒதுங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கேட்பேன்: மகள் என்னோடு வாழ வேண்டும் என்ற கட்டளை, அது முடிவாகக் காலம் எடுக்கும் என்பதால், இந்த ஆகஸ்ட் பயணத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஓர் அனுமதி. முதலாவது கிடைத்துவிட்டால் கோயில் அக்கா சொன்ன 28 நாள் கணக்கு அன்றிலிருந்து உங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கோடையிலும் இந்த அலைச்சல் இருக்காது. ஆகஸ்டுக்கு இன்னும் நான்கு மாதங்கள்தான். குடும்ப நீதிமன்றங்கள் இருக்கும் நிலையில் அது தாராளமான காலம் அல்ல; இந்த மாதத்திலேயே தொடங்குங்கள். அண்ணனிடம் மீதிப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம் என்றும், திகதி மாற்றக்கூடிய சீட்டாகப் பார்க்கும்படியும் சொல்லுங்கள். சீட்டு வாங்கிவிட்டோம் என்ற காரணம் நீதிபதியை அவசரப்படுத்தாது, எரிச்சல்படுத்தும்.

சென்னையை விட்டுவிடுங்கள்

நீதிபதி எடைபோடுவது மூன்று: பிள்ளை திரும்பி வராமல் போக எவ்வளவு வாய்ப்பு, வராவிட்டால் விளைவு எவ்வளவு மோசம், அதைத் தடுக்க என்ன காப்பு இருக்கிறது. இலங்கை ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. அங்கே பிள்ளை தடுத்துவைக்கப்பட்டால் மீட்க ஒரு சட்ட வழி உண்டு. இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை. அதனால் இந்தியப் பயணத்துக்கு அனுமதி கேட்டால், இந்தியச் சட்டம் தெரிந்த நிபுணரின் அறிக்கை, பிணைப்பணம் என்று பேச்சு நீளும். இரண்டு நாள் சென்னைக்காக 25 நாள் நல்லூரை இழக்க வேண்டாம். உடுப்பு எடுக்கத்தான் சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள்; யாழ்ப்பாணக் கடைகளிலும் பட்டுப்பாவாடை கிடைக்கும்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு இருவழிச் சீட்டு, மகளின் பள்ளிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், உங்கள் வேலைக் கடிதம் எல்லாம் வேண்டும். மகளின் வழமையான வதிவிடம் இங்கிலாந்துதான் என்ற வாசகத்தையும் திரும்பும் திகதியையும் கட்டளையிலேயே எழுதும்படி கேளுங்கள்; ஊரில் அவருடைய ஆட்கள் ஏதாவது தடை வாங்க முயன்றால் அங்குள்ள சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான். தீர்த்தம் முடிந்து திரும்புவதற்குள் பள்ளி தொடங்கிவிடுமா என்றும் நாட்காட்டியில் பாருங்கள். பள்ளி நாட்களில் விடுமுறை எடுத்தால் ஒரு பெற்றோருக்கு 80 பவுண் அபராதம் வரலாம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. பணத்தைவிட, அவருடைய தரப்புக்கு அது ஒரு நல்ல வாதமாகிவிடும்.

ஜூன் மாதத்தை மறக்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில், போகிற போக்கில் சொல்லப்பட்டிருப்பது இது: பாதுகாப்புக் கட்டளை ஜூன் கடைசியில் முடிகிறது. பயணத்தைப் பற்றிய கடிதமோ விண்ணப்பமோ அவர் கைக்குப் போய், அவர் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்தக் காப்பும் விலகும். அது முடியும் முன்பே நீடிக்க விண்ணப்பியுங்கள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அண்மையில் எதுவும் நடக்கவில்லையே என்று கேட்டால், கட்டளை இருந்ததால்தான் நடக்கவில்லை என்பதையும், வரவிருக்கும் பயணத்தையும் சொல்லுங்கள்.

அந்தக் கட்டளை இலங்கையில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் விமானம் ஏறி வந்துவிட்டாலோ, தமக்கை வீட்டார் வாசலில் நின்றாலோ, அங்கே உங்களுக்கு உதவுவது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. இந்த இரண்டையும் அம்மாவின் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். சட்டத்தைவிட உறவினர்கள் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. ‘வந்த இடத்தில் நாலு பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாமே’ என்று ஒரு மாமா கட்டாயம் தொடங்குவார். பிள்ளையை ஒரு பின்னேரம் தகப்பன் வீட்டாருக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒரு சின்னம்மா கேட்பார். நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். மகளை, நீங்களோ உங்கள் தாயோ கூட இல்லாமல், யாரோடும் அனுப்ப வேண்டாம். இரண்டு கடவுச்சீட்டுகளும் அலுமாரியில் அல்ல, உங்கள் உடம்போடு இருக்கட்டும். தேர் அன்று எடுத்த படத்தை மச்சான்மார் உடனே முகநூலில் போடாமல், நீங்கள் இலண்டன் வந்து சேர்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். சந்திப்பு நிலையத்தில் தகப்பன் மகளுக்கு ஒரு கைக்கணினி கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய கணக்கில் இயங்குகிறது, இருக்குமிடத்தை யாருக்குக் காட்டுகிறது என்று தெரியாமல் அதை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பயணத்தில் ஒரு சின்னச் சிக்கல் நம் பெயர் வழக்கத்தால் வருவது. மகளின் குடும்பப்பெயராக அவளுடைய தகப்பன் பெயரும், உங்கள் கடவுச்சீட்டில் உங்கள் தகப்பன் பெயரும் இருக்கின்றன. திரும்பி வரும்போது ஹீத்ரோ அதிகாரி உங்களை விட்டுவிட்டு மகளிடம் குனிந்து, “இவர் யார்?” என்று கேட்கக்கூடும். கேள்வி வழமையானது, பதற வேண்டாம். ஆனால் பள்ளிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அது குறுஞ்சான்றிதழ் என்றால் அதில் பெற்றோர் பெயரே இருக்காது. உங்கள் பெயரும் அச்சாகியிருக்கும் முழுச் சான்றிதழை இப்போதே தருவியுங்கள். அதோடு நீதிமன்றக் கட்டளையின் முத்திரையிட்ட பிரதி கையில் இருக்க வேண்டும். இன்னொன்று அண்ணனிடம் இருக்கட்டும்.

மகளிடம் எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். அதற்கு முன் சொல்லிவிட்டு, சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கும்போது வாய் திறக்காதே என்று சொன்னால், 8 வயதுப் பிள்ளை அந்த இரண்டு மணி நேரமும் அந்த இரகசியத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் அவள் அதை நிறையச் செய்துவிட்டாள். அனுமதி வந்துவிட்டால் நாளும் நாடும் அவருக்கு முறைப்படி தெரிந்திருக்கும், மறைக்க அவளுக்கு ஒன்றும் இராது. அதுவரை அம்மம்மாவோடு காணொளியில் பேசும்போது “எப்ப வாறியள்?” என்று கேட்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் தாயிடம் சொல்லி வையுங்கள்.